கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? அரிய உயிர்களின் காப்பிடங்களை டிஜிட்டல் வரைபடத்தில் கண்டறிய ஒரு வழிகாட்டி

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து ஊர்களில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான் இருந்தது: "எங்க மலை அதுக்குள்ள வருதா, இல்லையா?" டங்ஸ்டன் எடுக்க ஒன்றிய அரசு ஏலம் விட்ட பரப்பு 2,000 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193 ஹெக்டேர் சொச்சமும் அதற்குள் அடங்கியிருந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று 2022 நவம்பரில் மாநில அரசே அறிவித்த இடம் அது. வல்லூறுகள், தேவாங்கு, மலைப்பாம்பு, எறும்புத்தின்னி எல்லாம் வாழும் பாறைக் குன்றுகள். ஊரார் போராடினார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

அந்த நாட்களில் மக்கள் கேட்ட கேள்விக்கு ஒரு மடிக்கணினியும் இரண்டு மாலைப்பொழுதும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பதில் தேடலாம். அதற்குப் பட்டம் வேண்டாம், காசு கொடுத்து மென்பொருளும் வாங்க வேண்டாம். எங்கெங்கே ஏமாந்துபோவோம் என்று தெரிந்திருந்தால் போதும். இதில் எனக்குப் பிடிபட்டதை, புதிதாக வருகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் கோடு வேறு, அரசிதழில் அச்சான எல்லை வேறு, விலங்கு நடமாடும் இடம் வேறு. மூன்றையும் தனித்தனியாகத் தேடி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் வேலை.

படி 1: கணினியைத் திறக்கும் முன் ஒரு தாள்

எந்த விலங்கு, எந்த இடம், எந்தச் சட்டம் என்று மூன்று வரி எழுதுங்கள். முதலிரண்டும் எளிது. புதியவர்கள் தடுக்கி விழுவது மூன்றாவதில்தான்.

நம் நாட்டில் "பாதுகாக்கப்பட்ட இடம்" என்பது ஒற்றை வகை அல்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தேசியப் பூங்கா, சரணாலயம், பாதுகாப்புக் காப்பகம், சமூகக் காப்பகம் என்று நான்கு உண்டு. புலிகள் காப்பகமும் அதே சட்டத்தில் வருவதுதான். அதற்குள்ளும் உள்வட்டம் வேறு, வெளிவட்டம் வேறு. காப்புக்காடு என்பது 1882 தமிழ்நாடு வனச் சட்டத்தின் பிள்ளை. சூழல் உணர்திறன் மண்டலம் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. ராம்சர் ஈரநிலம் என்பது பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல். அரிட்டாபட்டி போன்ற பாரம்பரியத் தலமோ 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பெரும்பாலான வரைபடங்கள் முதல் நான்கு வகைகளை மட்டுமே காட்டும். அந்த அடுக்கை (வரைபடத்தின்மேல் விரிக்கும், ஒருவகைத் தகவல் மட்டும் கொண்ட படலத்தை) மட்டும் போட்டு அரிட்டாபட்டியைத் தேடினால் வெறும் தரைதான் தெரியும். "வரைபடத்தில் இல்லையே, அப்படியானால் பாதுகாப்பு இல்லை" என்று ஒருவர் முடிவு கட்டினால் அது தவறு. வரைபடத்தில் இல்லாதது சட்டத்தில் இருக்கலாம். எந்தச் சட்டத்தின் எந்த வகையைத் தேடுகிறோம் என்று தாளில் இருந்தால்தான் எந்த அடுக்கைக் கேட்பது என்று தெரியும்.

படி 2: கருவிகள்

கணினியில் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கூகுள் எர்த் ப்ரோ, வரைபடம் செய்யும் மென்பொருளான க்யூஜிஐஎஸ். இரண்டும் இலவசம். முதல் மாதம் எர்த் ப்ரோ மட்டும் போதும். அடுக்குகளை வெட்டவும் பரப்பை அளக்கவும் தேவைப்படும்போது க்யூஜிஐஎஸ் பக்கம் போங்கள். தொடக்கத்தில் அதன் பொத்தான்களைக் கண்டு மலைக்க வேண்டாம். நாம் பயன்படுத்தப்போவது அதில் பத்துக்கு ஒன்றுகூட இல்லை. கைப்பேசியில், இருக்குமிடத்தைக் குறித்துவைக்கும் ஏதாவது ஒரு ஜிபிஎஸ் செயலி.

இந்த எல்லாவற்றுக்கும் பொதுவான கோப்பு வகை கேஎம்எல். யாராவது எல்லையை அனுப்புகிறேன் என்றால், படமாக வேண்டாம், கேஎம்எல் கோப்பாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். படத்தைப் பார்க்கத்தான் முடியும். கேஎம்எல் என்றால் அளக்கலாம், இன்னொன்றின்மேல் வைக்கலாம்.

படி 3: அட்ச, தீர்க்க எண்களில் கைபழகுதல்

இங்கே நிதானமாக இருங்கள். நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில் நடந்தவை.

முதலில் வரிசை. மதுரைப் பக்கம் அட்சம் சுமார் 10, தீர்க்கம் சுமார் 78. சில மென்பொருள் அட்சத்தை முதலில் கேட்கும், சில தீர்க்கத்தை முதலில் கேட்கும். கேஎம்எல் கோப்புக்குள்ளேயே தீர்க்கம்தான் முதலில் எழுதப்பட்டிருக்கும். மாற்றிப் போட்டால் உங்கள் மலை ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம் போய் நிற்கும். அது நல்ல பிழை, பார்த்ததும் தெரிந்துவிடும். தமிழ்நாட்டுக்குள் எந்த இடமானாலும் அட்சம் 8-க்கும் 13.6-க்கும் இடையில், தீர்க்கம் 76-க்கும் 80.4-க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த நான்கு எண்களை நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் ஆபத்து. அரசிதழில் எண்கள் பெரும்பாலும் பாகை (டிகிரி), கலை (நிமிடம்), விகலையாக (நொடி) இருக்கும். 10 பாகை 3 கலை 30 விகலை என்று வைத்துக்கொள்வோம். கலையை 60-ஆலும் விகலையை 3,600-ஆலும் வகுத்துக் கூட்டினால் 10.0583 வரும். அவசரத்தில் அதை 10.0330 என்று தட்டிவிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தரையில் ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர். மலை அடுத்த ஊருக்குப் போய்விடும். படமோ பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

நான் அதைச் செய்திருக்கிறேன். தென் மாவட்டம் ஒன்றில், ஊர்ச்சாவடியில் திரை கட்டி எல்லையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். "தம்பி, இது நம்ம மலை இல்லையே. கம்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்குற கரடுல்ல இது" என்றார். அவர் வரைபடம் படித்தவர் அல்லர். ஆனால் கம்மாயின் வளைவை மேலிருந்து பார்த்தும் அடையாளம் கண்டுகொண்டார். அன்றிலிருந்து எந்தக் கோட்டையும் ஊர்க்காரர் ஒருவர் பார்க்காமல் நான் வெளியே காட்டுவதில்லை.

மூன்றாவதாக ஒரு எழுத்துமுறையும் உண்டு. மீன்பிடி விசைப்படகுகளின் ஜிபிஎஸ் கருவியில் பாகையும் தசமக் கலையும் வரும்: 10 பாகை 12.5 கலை. இதைத் தசமப் பாகையாக்கினால் 10.2083. கடலில் வேலை செய்கிறவர்களுக்கு இது முக்கியம். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுவுக்கென 2022 செப்டம்பரில் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நிலத்தில் எல்லைக்கல் நடலாம், கடலில் எதை நடுவது? அங்கே எண்கள்தான் எல்லை. மீனவரிடம் எல்லையைச் சொல்லப்போகிறவர் அவருடைய கருவி காட்டும் முறையிலேயே எண்களை மாற்றி எழுதிக்கொண்டு போவதே மரியாதை.

தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் 11 மீட்டர் அளவுக்குத் துல்லியம். இரண்டே இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஊசலாடும். இரண்டு இலக்கத்தில் கிடைத்த புள்ளியை வைத்து "உள்ளே", "வெளியே" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

படி 4: எல்லை அடுக்குகளைச் சேகரித்தல்

ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்காது. நான் போகும் வரிசை இது.

உலக அளவில் ப்ரொட்டெக்டட் பிளானட் என்ற தளம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையமும் ஐயுசிஎன் எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் சேர்ந்து நடத்துவது. என்னென்ன இடங்கள் உண்டு என்று பெயர்ப் பட்டியல் எடுக்க நல்லது. ஆனால் அதில் சில இடங்களுக்கு எல்லை வரையப்பட்டிருக்காது, நடுவில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும். அந்தப் புள்ளியைச் சுற்றி, அறிவிக்கப்பட்ட பரப்பளவுக்கு ஈடாக ஒரு வட்டம் போட்டுச் சிலர் வரைபடம் செய்துவிடுவார்கள். ஒரு சரணாலயம் காம்பஸால் போட்டதுபோல் உருண்டையாகத் தெரிந்தால், அதன் உண்மையான எல்லையை அந்தப் படத்தில் யாரும் வரையவில்லை என்று அர்த்தம்.

அடுத்து இஸ்ரோவின் புவன் தளம். அதன்பின் டிஎன்ஜிஐஎஸ் எனப்படும் தமிழ்நாடு அரசின் புவியியல் தகவல் தளம். சர்வே எண் அளவுக்கு இறங்கிப் பார்க்க அதுதான் கைகொடுக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் பல காடுகளின் எல்லை உண்டு. தன்னார்வலர்கள் போட்டது, சில இடங்களில் வியக்கும்படி நன்றாக இருக்கும், சில இடங்களில் ஊகமாக இருக்கும். ஒவ்வொரு எல்லைக்கும் யார், எப்போது, எதைப் பார்த்து வரைந்தார்கள் என்ற வரலாறு அங்கே திறந்தே கிடக்கிறது. அதைப் படிக்கத் தவறாதீர்கள்.

கைப்பேசி வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதை எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பச்சைக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது.

இன்னொரு பக்கம், அந்த இடத்தில் வரப்போகும் திட்டத்தின் எல்லையும் வேண்டுமல்லவா? சுற்றுச்சூழல், வன, வனவிலங்கு அனுமதிகளுக்கான விண்ணப்பங்கள் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் இருக்கும். பல விண்ணப்பங்களோடு கேஎம்எல் கோப்பும் இணைந்திருக்கும். இறக்கிக்கொள்ளும்போதே தேதியையும் கோப்புப் பெயரில் சேர்த்துச் சேமியுங்கள். திருத்தப்பட்ட கோப்பு பிறகு வந்தால் இரண்டையும் ஒப்பிட அது உதவும்.

படி 5: அரசிதழும் கிராம வரைபடமும்

திரைக் கோட்டை நம்பி நீதிமன்றத்துக்கோ ஆட்சியரிடமோ போக முடியாது. அவர்கள் கேட்கப்போவது அறிவிக்கையைத்தான். எனவே அரசிதழைத் தேடி எடுங்கள். அதன் இறுதியில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் சர்வே எண்கள் இருக்கலாம், அட்ச, தீர்க்க எண்கள் இருக்கலாம், அல்லது "அங்கிருந்து ஓடையை ஒட்டி வடக்கே சென்று" என்பது போன்ற சொல்வழி விவரணை இருக்கலாம்.

முதலில் எந்தப் பிரிவின் கீழ் வெளியானது என்று பாருங்கள். சரணாலயம் என்றால் 18-ஆம் பிரிவின் அறிவிக்கை அரசின் எண்ணத்தைத் தெரிவிப்பது. மக்களின் உரிமைகளை விசாரித்துத் தீர்த்தபின் 26ஏ பிரிவில் இறுதி அறிவிக்கை வரும். இடையில் பரப்பு மாறக்கூடும். பழைய அறிவிக்கையின் எல்லையை வைத்துக்கொண்டு புதிய அறிவிக்கையைப் பற்றிப் பேசுவது வீண் சண்டையில்தான் முடியும்.

சர்வே எண்கள் கிடைத்துவிட்டால் நம் ஊரில் நல்ல வசதி உண்டு. அரசின் நில ஆவண மின்சேவைத் தளத்தில் அ-பதிவேடும் புலப்படமும் பார்க்கலாம். அ-பதிவேட்டில் அந்த நிலம் பட்டாவா, புறம்போக்கா, பாறைத் தரிசா, காடா என்று தெரியும். புலப்படத்தில் வடிவமும் அளவும் இருக்கும். கிராம வரைபடத்தின் நகல் இருந்தால் இன்னும் நல்லது. வருவாய்த் துறையிலோ நில அளவைத் துறையிலோ கேட்டுப் பெறலாம்.

அந்தத் தாள் வரைபடத்தைப் படமெடுத்து க்யூஜிஐஎஸ்ஸில் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்த வேண்டும். இதற்கென்றே அதில் ஒரு கருவி உண்டு. தாளில் ஒரு இடம், திரையில் அதே இடம் என்று இணைகளைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். நான்கு இணைகளாவது வேண்டும். நான் எட்டுக்குக் குறைந்து வைப்பதில்லை. எல்லாம் ஒரே மூலையில் குவியாமல் வரைபடம் முழுக்கப் பரவி இருக்கட்டும்.

எதைக் குறிப்பது? சாலை வளைவு வேண்டாம், சாலைகள் அகலமாகி இடம் மாறியிருக்கும். வீடுகளும் வேண்டாம். கம்மாயின் மடை, கலுங்கு, பழைய கோயில், ஊர்ப் பொதுக் கிணறு ஆகியவைதான் நகராதவை. அரிட்டாபட்டி போன்ற ஊர்களில் பாண்டியர் காலத்துக் குடைவரையும் கம்மாயும் இருப்பது இந்த வேலைக்கு எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள். நூற்றாண்டுகளாக அசையாமல் நிற்கும் குறிகள் அவை. மூன்று ஊர் எல்லைகள் சேரும் இடத்தில் நட்ட கல் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். கைப்பேசியோடு நேரில் போய் நின்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு இணைக்கும் எத்தனை மீட்டர் பிசகு என்று மென்பொருளே காட்டும். மற்றவை எல்லாம் ஐந்து, பத்து மீட்டருக்குள் இருந்து ஒன்று மட்டும் அறுபது என்று நின்றால், அந்த ஒன்றைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள். நீக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.

படி 6: உயிரினத்தின் தடம்

இப்போது விலங்குக்கு வருவோம். ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் ஒவ்வொரு இனத்துக்கும் பரவல் வரைபடம் உண்டு. இந்திய எறும்புத்தின்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அருகிவரும் இனம், நம் சட்டத்தில் முதல் அட்டவணை. அதன் பரவல் வரைபடம் இந்தியாவின் பெரும்பகுதியை வண்ணம் பூசி வைத்திருக்கும். "இந்தப் பரப்பில் எங்கோ இருக்கக்கூடும்" என்பதே அதன் பொருள். உங்கள் குன்றில் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

நேரில் பார்த்த பதிவுகளுக்கு இ-பேர்ட், ஐ-நேச்சுரலிஸ்ட், இவற்றையெல்லாம் திரட்டித் தரும் ஜிபிஃப் ஆகிய தளங்கள் இருக்கின்றன. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் இடத்தை ஐ-நேச்சுரலிஸ்ட் வேண்டுமென்றே மறைக்கிறது. 0.2 பாகைக்கு 0.2 பாகை, நம் பக்கத்துக் கணக்கில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கம் உள்ள கட்டத்துக்குள் எங்காவது ஒரு புள்ளியைப் போட்டுக் காட்டும். குளத்தின் நடுவில் தேவாங்கு இருப்பதாகத் தெரிந்தால் பதிந்தவர் மீது பிழை இல்லை. அது மறைக்கப்பட்ட புள்ளி. பெரும்பாலான பதிவுகளில் துல்லியத்தின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் புள்ளியை எல்லைக்கோட்டோடு ஒப்பிடக் கூடாது.

இப்படி மறைப்பது மிகச் சரி என்பது என் உறுதியான எண்ணம். எறும்புத்தின்னியின் செதிலுக்காக அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது அறியப்பட்டிருந்த எட்டு இனங்களின் பன்னாட்டு வணிகத்தையும் 2016-இல், அரிய உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் மாநாடு தடைசெய்ய வேண்டிய நிலை வந்தது. ஒரு வளையின் துல்லியமான எண்களைப் பொதுவெளியில் போடுவது, திருடனுக்கு வாசலைத் திறந்து வைப்பது.

பதிவே இல்லை என்றால்? பதிவு செய்ய ஆள் போகவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எறும்புத்தின்னி இரவில் நடமாடும், பகலில் வளைக்குள் கிடக்கும். பறவை பார்ப்பவர்கள் கூடும் ஏரிகளில் புள்ளிகள் குவிந்திருக்கும், பக்கத்துக் கரட்டில் ஒன்றுகூட இருக்காது. புள்ளிகள் ஆட்கள் போன இடத்தைத்தான் முதலில் காட்டுகின்றன. ஆடு மேய்ப்பவர்களையும் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

படி 7: நிலத்தைப் படித்தல்

எல்லையும் புள்ளியும் இல்லாத இடத்திலும் நிலமே பேசும். இதற்கு வரையாட்டைவிட நல்ல பாடம் இல்லை. நம் மாநில விலங்கு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 இருந்தன. செங்குத்தான பாறைச் சரிவும் அதன் தலைமாட்டில் புல்வெளியும் சேர்ந்து இருந்தால்தான் அதற்கு வாழ்வு. மேய்வதற்குப் புல், சிறுத்தையோ செந்நாயோ வந்தால் பாய்ந்து இறங்கப் பாறை.

உயரத் தரவை இறக்கி க்யூஜிஐஎஸ்ஸில் சரிவைக் கணக்கிடச் சொல்லுங்கள். 30 மீட்டர் கட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செங்குத்துச் சரிவுகள் தனியாகத் தெரிந்துவிடும். அதன்மேல் புல்வெளியை அடையாளம் காண சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் போதும். 10 மீட்டர் நுணுக்கம், சில நாட்களுக்கு ஒருமுறை புதிய படம். மழைக்காலத்துப் படத்தில் மேகம்தான் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான படங்களை எடுங்கள். அப்போது புல் பழுப்பாகவும் சோலை அடர்பச்சையாகவும் பிரிந்து நிற்கும்.

முக்கூர்த்தி தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். நீலகிரியில் வரையாட்டுக்கென்றே பெயர்பெற்ற இடம். எர்த் ப்ரோவில் அந்தப் பக்கம் போய், மேலே இருக்கும் கடிகாரப் பொத்தானைத் தட்டிப் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீலகிரி மேட்டுநிலத்தில் புல்வெளிக்குள் வாட்டில் எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரங்கள் திட்டுத்திட்டாக நுழைந்திருப்பதைக் காணலாம். வரைபடத்தில் பச்சை கூடியிருக்கும், வரையாட்டுக்கு இடம் குறைந்திருக்கும். பச்சை என்றாலே நல்லது என்று பழகிப்போன கண்ணை இந்த ஒரு பயிற்சி திருத்திவிடும்.

அரிட்டாபட்டிப் பாறைகளுக்கும் இதே பாடம் பொருந்தும். நிலப்பயன்பாட்டு வரைபடங்களில் இப்படிப்பட்ட குன்றுகளுக்குச் சாம்பல் நிறம் பூசி "வெறும்பாறை, தரிசு" என்று எழுதியிருப்பார்கள். வல்லூறு கூடு வைப்பது அந்த வெறும்பாறையின் விளிம்பில். மழைநீர் வடிந்து சுனையாகத் தேங்குவதும் அதன் மடிப்பில்தான். தரிசு என்ற சொல்லைப் பார்த்ததும் யாருக்குத் தரிசு என்று கேட்டுப் பழகுங்கள்.

படி 8: அளத்தல்

அடுக்குகள் தயார். இப்போது ஒன்றையொன்று எவ்வளவு வெட்டுகிறது, எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் அகலப் பட்டை அடிக்கடி தேவைப்படும். தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்று 2023 ஏப்ரல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வரி பாரம்பரியத் தலத்துக்குப் பொருந்தாது. முதல் படியில் சட்டத்தின் வகையை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

பட்டை போடும் முன் ஆய முறையை (இடத்தை எண்களால் குறிக்கும் முறையை) மாற்றுங்கள். அட்ச தீர்க்க முறையிலேயே இருந்துகொண்டு "1" என்று கொடுத்தால் மென்பொருள் அதை ஒரு பாகையாக எடுத்துக்கொள்ளும். அது சுமார் 111 கிலோமீட்டர். மதுரையில் போட்ட பட்டை திண்டுக்கல்லையும் சிவகங்கையையும் சேர்த்து விழுங்கிவிடும். மீட்டரில் அளக்க, பூமியை மண்டலங்களாகப் பிரித்துக் கணக்கிடும் யூடிஎம் முறை வேண்டும். 78 பாகை தீர்க்கக் கோடு திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே இறங்குகிறது. அதற்குக் கிழக்கே 44-வது மண்டலம், க்யூஜிஐஎஸ்ஸில் 32644 என்று தேடுங்கள். மேற்கே நீலகிரி, கோவை, ஆனைமலைப் பக்கம் 43-வது மண்டலம், எண் 32643. அதன்பின் 1000 என்று கொடுத்தால் ஒரு கிலோமீட்டர் கிடைக்கும்.

வெட்டும் பரப்பு ஹெக்டேரில் வந்ததும் அரசிதழில் உள்ள மொத்தப் பரப்போடு ஒப்பிடுங்கள். நீங்கள் வரைந்த எல்லையின் பரப்பும் அறிவிக்கையின் பரப்பும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு வேறுபட்டால் பெரிதில்லை. பத்து, பதினைந்து வேறுபட்டால் ஏதோ ஒரு சர்வே எண் விட்டுப்போயிருக்கிறது.

படி 9: கால்நடையாக ஒருமுறை

எல்லையோரம் இருக்கும் ஐந்தாறு இடங்களையாவது நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. வெளிப்புறத்திலிருந்தே பல கற்களைப் பார்க்க முடியும். கைப்பேசியில் உங்கள் இடத்தைச் சுற்றித் தெரியும் நீல வட்டம் சுருங்கும்வரை ஒரு நிமிடம் அசையாமல் நின்று, பிறகு குறியுங்கள். திறந்த வெளியில் ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் வரும். செங்குத்துப் பாறையை ஒட்டியோ அடர்ந்த மரத்தடியிலோ நின்றால் இன்னும் பிசகும். எனவே எல்லைக்கோட்டுக்கு இருபது மீட்டருக்குள் வரும் எதையும் "எல்லையில் உள்ளது, நில அளவை தேவை" என்று எழுதுங்கள். அளவையர் சங்கிலி பிடித்து அளந்தால்தான் அது தீரும்.

கோப்பு கிடைக்காவிட்டாலும், அறிவிக்கை நகல் தராமல் இழுத்தடித்தாலும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "இந்த இடம் பாதுகாக்கப்பட்டதா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இன்ன கிராமம், இன்ன சர்வே எண் அடங்கிய அறிவிக்கையின் நகலும் அதன் எல்லைக் கேஎம்எல் கோப்பும்" என்று கேளுங்கள்.

படி 10: இரண்டு பிரதிகள்

முடித்த வரைபடத்தை இரண்டாகச் செய்யுங்கள். ஒன்று கிராம சபைக்கும் பத்திரிகைக்கும். அதில் அறிவிக்கையின் எண்ணும் நாளும், ஒவ்வொரு அடுக்கும் எங்கிருந்து எப்போது எடுத்தது என்பதும், எத்தனை மீட்டர் பிசகு இருக்கலாம் என்பதும் மூலையில் அச்சாகட்டும். ஊர்ப் பெயர்கள், கம்மாய், கோயில் எல்லாம் தமிழில், பெரியவர்கள் கண்ணாடி போடாமலே படிக்கும் அளவில் இருக்கட்டும். விலங்குகளின் புள்ளிகள் அதில் வேண்டாம். மலை முழுவதற்கும் ஒரு நிறம் போதும்.

இன்னொன்று மாவட்ட வன அலுவலருக்கும் வழக்கு நடந்தால் வழக்கறிஞருக்கும். வளை, கூடு, சுனை எல்லாம் துல்லியமாக இருப்பது அதில் மட்டும்தான். அந்தக் கோப்பைக் குழுக்களில் பகிராதீர்கள், கைப்பேசியில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வாருங்கள்.